இரண்டாம் கம்ப்ரசரின் பூட்டு

ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய மெக்கானிக் திரு. அல்போன்ஸ் மொத்தா அவர்களுக்கு, ஐஸ் கம்பெனியின் உதவிப் பராமரிப்பாளர் ம. பிரகாசி பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது.

மீன்பிடித் தடைக்காலக் குறிப்பேட்டை இம்மாதம் பதினைந்தாம் தேதியே தொடங்கியிருக்க வேண்டும். ஒன்பது நாள்கள் தாமதமாகிவிட்டது. நல்ல கார்பன் தாள் கிடைக்காமையே காரணம். பெரிய மனதுடன் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத இந்த அறுபத்தொரு நாள்களில்தான் நம் கம்பெனி ஓய்வெடுக்கும், நாம் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் தாங்கள் எழுதுவீர்கள், நான் அருகில் நின்று அளவுகளைச் சொல்வேன். இவ்வாண்டு தாங்கள் மதுரையில் தங்கை வீட்டில் இருப்பதால் நான் எழுதுகிறேன். மேல் தாளைச் சனிக்கிழமைதோறும் தபாலில் சேர்ப்பேன். கார்பன் பிரதி இங்கே இருக்கும். பக்கவாதத்தில் போன பேச்சும் வலது கையும் திரும்பக் காலம் பிடிக்கும் என்று மருத்துவர் சொன்னதாக அறிந்தேன். ஆகையால் பதிலை எதிர்பார்க்கவில்லை. வாசித்தால் போதுமானது.

குறிப்பேட்டுக்குத் தாங்கள் விதித்த ஒரே கட்டளை எனக்கு நினைவிருக்கிறது. "நடந்தத ஒண்ணு விடாம எழுது. நெனச்சத எழுதாத." அவ்வாறே செய்வேன்.

நிலவரம்: குழாய்களில் இருந்த அமோனியா முழுவதும் சேமிப்புக் கலத்தில் அடைக்கப்பட்டுள்ளது. பதினேழாம் தேதி காலை தாங்களே அதை முடித்தீர்கள். ஒன்பதரை மணிக்கு நான் பேக்கிங் ஷீட் வாங்கத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டபோது கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குத் திரும்பினேன். அறை வாசலில் தங்கள் செருப்பு இருந்தது, தாங்கள் இல்லை; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தனர். இரண்டாம் கம்ப்ரசரின் மெயின் சுவிட்சில் தங்கள் பூட்டு தொங்கியது.

செருப்பை அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்த தங்கள் சட்டை துவைத்து மடிக்கப்பட்டுள்ளது.

ஏப்ரல் 25

சுமை ஆட்கள் அனைவரும் ஊருக்குச் சென்றுவிட்டனர். எலக்ட்ரீஷியன் மாசானமுத்து வாரம் இருமுறை வருவார். மற்ற நாள்களில் நான் மட்டுமே. கம்ப்ரசர்கள் நின்றுவிட்ட அறையில் என் காலடிச் சத்தம் யாரோ மேலதிகாரி வருவதுபோல் கேட்கிறது. இருமுறை திரும்பிப் பார்த்தேன்.

ஏப்ரல் 27

முதலாம் கம்ப்ரசரின் சுவிட்சை யாரும் போட்டுவிடாதபடி அதில் என் பூட்டை மாட்டிவிட்டுத் தலைப்பகுதியைத் திறந்தேன். வால்வு தகடுகளில் இரண்டு தேய்ந்துள்ளன. பிஸ்டன் வளையங்கள் நன்று.

பின் குழாய்கள் அனைத்தையும் சுற்றிப் பார்த்தேன். இரண்டாம் கம்ப்ரசரின் உறிஞ்சு குழாய் கிழக்குச் சுவருக்குள் நுழையும் இடத்தில், தார் பூசிய உறையின்மேல் சாக்பீஸால் ஓர் அரை வட்டம் காணப்படுகிறது. தாங்கள் சந்தேகிக்கும் இடங்களுக்கு இடும் குறி முழு வட்டமாக இருக்கும். உள்ளே தேதியும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. ஆகவே இது சுமை ஆட்களின் விளையாட்டு எனத் தீர்மானித்தேன்.

அதே சுவருக்கு அப்பால் வலை பின்னும் கொட்டகை. தடைக்காலத்தில் பதினைந்து பெண்கள் காலை முதல் மாலை வரை அங்கே இருப்பர். அவர்கள் சிரிப்பது குழாய் வழியாகவே வருவதுபோல் கேட்கும்.

இன்று தபால் சேர்க்கப்பட்டது.

மே 3

உப்புநீர்த் தொட்டியில் நீரின் அடர்த்தி சரியாக உள்ளது. ஐஸ் டப்பாக்களில் நாற்பத்தாறு ஒழுகுகின்றன.

மாசானத்திடம், "குளிர்விப்பானின் குழாய்களில் படிந்துள்ள சுண்ணாம்பை அகற்றும் பணி நாளை தொடங்கும்" என்று தெரிவித்தேன்.

"எக்கா, நீங்க பேசுதது கோயில்ல வாசகம் வாசிக்க மாதிரி இருக்கு. முடிச்சதும் நான் ஆமென் சொல்லணுமா?"

எட்டாம் வகுப்போடு நின்றவள் கம்ப்ரசரின் ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்து நான்கு ஆண்டுகளில் படித்து முடித்தேன் என்பதை அவர் அறியார். அறை பெருக்க வந்தவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தாங்களும் நடத்தவில்லை, கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னீர்கள். அதை நான் என்றும் மதிக்கிறேன்.

மே 7

இரண்டாம் கம்ப்ரசரைத் திறக்க வேண்டிய நாள். தங்கள் பூட்டின் பக்கத்தில் என் பூட்டையும் மாட்டினேன். உப்புக் காற்றில் தங்கள் பூட்டின் வாய் பச்சை பிடித்திருக்கிறது. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். பூட்டோடு தொங்கும் பெயர்த் தகட்டையும் துடைத்தேன்.

அந்தத் தகட்டைத் தாங்கள் ஆணியால் குத்தி எழுதியபோது "மொத்தா" என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று. ஆறு ஆண்டுகளாகச் சொல்ல நினைத்தேன்.

மே 8

நேற்றைய கடைசி வாக்கியம் நினைத்ததைச் சேர்ந்தது. தவறுக்கு வருந்துகிறேன்.

மே 11

பூச்சுப் பணி நிறைவுற்றது. எல்லாக் குழாய் உறைகளுக்கும் இரண்டு கை கருந்தார் பூசினேன். ஒரு விரற்கடையும் விடவில்லை. அறை பார்ப்பதற்குப் புதிது போல் இருக்கிறது. பார்ப்பதற்கு மாசானம் மட்டுமே இருந்தார். "ஜோரா இருக்குக்கா" என்றார்.

மே 14

மாசானம் தேவையற்ற பேச்சொன்று பேசினார். எழுத விருப்பமில்லை, ஆயினும் நடந்ததை விடக்கூடாது என்பது கட்டளை.

"ஆறு நாளு ஆஸ்பத்திரி வராந்தாவுலயே கெடந்தீங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா. உள்ள ஒரு தடவையாவது விட்டாவளா?"

கார்பன் தாள் தேடி அந்தப் பக்கம் சென்றிருந்தேன் என்று விளக்கினேன்.

"கார்பன் தாளா" என்றார். பின், மின்கம்பியை உரிப்பதில் மும்முரமானார்.

உறவினர் மட்டுமே அனுமதிக்கப்படுவர் என்பது ஆஸ்பத்திரியின் விதி. விதிகளில் எனக்குக் குறை இல்லை.

மே 16

கொட்டகைப் பெண்கள், குழாய் நுழையும் சுவரின் ஓட்டை வழியாக, "எஞ்சினியரம்மா, தேத்தண்ணி ஆறுது, வாங்க" என்று அழைத்தனர். எஞ்சினியரம்மா என்பது கேலி. பணி இருப்பதாகத் தெரிவித்தேன். உண்மையில் அப்போது பணி இருக்கவில்லை.

மே 18

காலை பத்தரை மணிக்குத் தங்கள் தங்கை திருமதி பிலோமினா தொலைபேசியில் அழைத்தார். தாங்கள் நலம் பெற்று வருவதாகவும், எல்லாம் புரிவதாகவும், பேச்சு மட்டும் வரவில்லை என்றும் கூறினார். அதன் பிறகு கூறியதை அப்படியே பதிகிறேன்.

"உங்க கடுதாசி வந்தா அண்ணன் வாங்கி நெஞ்சு மேல வச்சிக்கிட்டு அழுதாவ. வால்வு, வளையம்னு என்னத்தையோ எழுதியிருக்கீங்க, அதுக்குப் போயி அழுதாவ. டாக்டர் மனச அலட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. எங்க அண்ணனுக்கு நீங்க யாரு?"

சக பணியாளர் என்றேன்.

"அப்ப வேலைய நீங்க பாருங்க. அவர விட்டிருங்க."

இத்தகைய நோயில் காரணமின்றி அழுகை வருவதுண்டு என்று படித்திருக்கிறேன். ஆயினும் இன்றைய சனிக்கிழமைத் தபால் அனுப்பப்படவில்லை. இனியும் அனுப்பப்படாது. தாள்கள் இங்கேயே இருக்கும். குறிப்பேடு கம்பெனிக்கு உரியது. ஆகவே எழுதுவதை நிறுத்த இயலாது.

மே 19

எண்ணெய் வடித்தல். ஒழுங்கு.

மே 23

பதிவதற்கு ஒன்றுமில்லை. தங்கள் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன்.

மே 29

இரு கம்ப்ரசர்களும் மூடப்பட்டு, போல்ட்டுகள் அளவாக முறுக்கப்பட்டு, தயார் நிலையில் உள்ளன. என் பூட்டுகள் இரண்டையும் கழற்றிவிட்டேன். அறையில் இப்போது தங்கள் பூட்டு ஒன்றே இருக்கிறது.

ஜூன் 3

முதலாளி திரு. ரூபர்ட் வந்தார். தடைக்காலம் பதினான்காம் தேதியோடு முடிகிறது. மறுநாள் விடியலில் நாற்பது படகுகள் ஐஸ் ஏற்றிப் புறப்படும். கட்டிகள் உறைய நேரம் வேண்டும். ஆகையால் பன்னிரண்டாம் தேதி பிற்பகல் இரு கம்ப்ரசர்களும் ஓடியாக வேண்டும் என்றார். முதலாவது மட்டும் ஓடினால் பாதிப் படகுகள் வேறு துறைக்கு ஐஸ் தேடிப் போய்விடும், போனவை திரும்பா. இதில் அவர் கூறியது அனைத்தும் சரியே.

பிறகு பூட்டைப் பார்த்தார். சாவி எங்கே என்று கேட்டார். பூட்டியவரின் சாவி பூட்டியவரிடம் இருக்க வேண்டியது என்றேன்.

"அப்ப வெட்டிரு. மாசானம், கிரைண்டர் எடு."

அதற்கு விதியில் இடமில்லை என்று தெரிவித்தேன். அந்த விதி எப்படி வந்தது என்பது அவருக்கும் தெரியும். தங்கள் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லாதது அவர் பார்க்காதது அன்று. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் யாரோ ஒருவர் அவசரத்தில் தங்கள் பூட்டை வெட்டிவிட்டு சுவிட்சைப் போட்டதன் விலை அது. நான் இங்கே சொந்தப் பூட்டு வாங்கிய அன்று தாங்கள் கூறிய சொற்களை அவரிடம் திருப்பிச் சொன்னேன்: "பூட்டு தொங்குனா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம்."

முதலாளி பொறுமையாகவே பேசினார். "ஏ பிரகாசி, உள்ள யாரு இருக்கா? அவரு மதுரையில படுத்துக் கெடக்காரு. வருவாரோ மாட்டாரோ."

மாசானம் கிரைண்டரை எடுத்தார். பிளக்கைச் செருகாமல் நின்றார். நான் என் பூட்டை எடுத்துத் தங்கள் பூட்டின் அருகில் மாட்டினேன்.

"இது என்ன? நீ உள்ள இருக்கியா?"

"இருக்கேன் மொதலாளி" என்றேன்.

முறையான வாக்கியத்தில் பதிலளித்திருக்க வேண்டும். அந்நேரத்தில் வரவில்லை.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எதற்கு என்றார். ஏப்ரல் பதினேழாம் தேதி முதலாம் கம்ப்ரசரைத்தான் திறப்பதாக நாம் முடிவு செய்திருந்தோம். அப்படியிருக்க மெக்கானிக் இரண்டாவதைப் பூட்டியது ஏன் என்று கண்டறிய வேண்டும் என்றேன். இதை நான் அப்போதுதான் யோசித்தேன். முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

முதலாளி வாசல் வரை சென்று திரும்பினார். "பன்னெண்டாம் தேதி வரைக்கும். அதுக்கப்புறம் ரெண்டு பூட்டையும் நானே வெட்டுவேன்."

ஜூன் 4

இரண்டாம் கம்ப்ரசரை மீண்டும் திறந்தேன். குறை ஒன்றும் இல்லை. மோட்டார், கப்ளிங், அடித்தளப் போல்ட்டுகள், எண்ணெய்ப் பம்பு: எதிலும் குறை இல்லை.

மாசானத்தின் கருத்து: "வழக்கத்துல மாட்டியிருப்பாவ, எக்கா. பூட்டுக்கு ஒரு காரணம் இருக்கணுமா?"

தங்கள் விஷயத்தில் இருக்கும் என்றேன்.

ஜூன் 5

காலை குறிப்பேட்டின் கார்பன் பிரதிகளை முதலிலிருந்து வாசித்தேன். ஏப்ரல் இருபத்தேழாம் தேதியில் நின்றுவிட்டேன்.

உறிஞ்சு குழாய். கிழக்குச் சுவர். அரை வட்டம்.

தாங்கள் முழு வட்டம் இடுபவர். உள்ளே தேதி எழுதுபவர். அது முழுமை பெறாததற்குக் காரணம், தங்கள் கை அந்த இடத்தில் நின்றுபோனது. இதை நான் விளையாட்டு என்று எழுதினேன். பதினான்கு நாள் கழித்து அதன்மேல் இரண்டு கை தாரும் பூசினேன். ஒரு விரற்கடையும் விடவில்லை என்று பெருமையாகப் பதிந்தும் வைத்தேன்.

முகமூடி அணிந்து, கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுகிலும் காட்டினேன். அமோனியா பட்டால் வெண்புகை எழும்; எழவில்லை, ஆகவே கசிவு இல்லை. மாசானம் ஈரத் துண்டுடன் வாசலில் நின்றார். வட்டம் இருந்த இடத்தை மனக்கணக்காகக் குறித்து, தாரையும் அதன் கீழிருந்த தெர்மோகோலையும் கத்தியால் அறுத்தெடுத்தேன். உள்ளே ஈரம். இரும்பு நிறமே இல்லை. விரல் பட்டதும் துரு அடுக்கடுக்காக வந்தது.

மாசானம் எட்டிப் பார்த்தார். "எக்கா, பரோட்டா மாதிரி பிரியுது." இருவரும் சிரிக்கவில்லை.

சிறு சுத்தியலால் மிக மெதுவாகத் தட்டினேன். மற்ற இடங்களில் மணி போல ஒலிப்பது இங்கே மண்பானை போல ஒலித்தது. ஒரு முழ நீளம் அவ்வாறே இருந்தது. பன்னிரண்டாம் தேதி சுவிட்சைப் போட்டு இந்தக் குழாய் உடைந்தால், அமோனியா முதலில் சுவரின் ஓட்டை வழியாகக் கொட்டகைக்கே போகும்.

ஓட்டைக்கு அப்பால் யாரோ ஒருத்தி தன் மாமியாரைப் போல் பேசிக்காட்ட, மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தனர். அங்கே சென்று, பணி முடியும் வரை கொட்டகையைக் காலி செய்யுமாறு அறிவித்தேன். விளக்கம் கேட்பார்கள் என நினைத்தேன். கேட்கவில்லை. "எஞ்சினியரம்மா சொன்னா சரிதான், எந்திரிங்கடி" என்று மூத்தவர் கூறினார். அது கேலி அன்று என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 6

முதலாளிக்குக் குழாயைக் காட்டினேன். துரு அடுக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பின் தூத்துக்குடியிலிருந்து சான்று பெற்ற வெல்டர் ஒருவரை வரவழைக்கத் தொலைபேசியை எடுத்தார். கிரைண்டரைத் தாமே தூக்கிப் போய் ஸ்டோர் அறையில் வைத்தார்.

ஜூன் 9

வால்வுகள் அடைக்கப்பட்டு, குழாயில் மீந்திருந்த வாயு தண்ணீருக்குள் விடப்பட்டு, பழுதான பகுதி வெட்டி அகற்றப்பட்டது. புதிய குழாய் பற்றவைக்கப்பட்டது. வெல்டர் என்னை நோக்கி, "இங்க மெக்கானிக் யாரும்மா?" என்று கேட்டார். பூட்டைக் காட்டினேன்.

ஜூன் 11

நைட்ரஜன் அடைத்து இருபத்துநான்கு மணி நேரம் வைத்ததில் அழுத்தமானியின் முள் அசையவில்லை. புதிய உறை போடப்பட்டது. தார் பூசும் முன் அந்த இடத்தில் சாக்பீஸால் முழு வட்டம் இட்டு, உள்ளே இரண்டு தேதிகளை எழுதினேன்: ஏப்ரல் 17, ஜூன் 11. அந்த வட்டத்தின் மேல் மட்டும் தார் பூசவில்லை.

கொட்டகைப் பெண்கள் திரும்பிவிட்டனர். ஓட்டை வழியாக ஒரு தம்ளர் தேநீர் வந்தது. குடித்தேன். சர்க்கரை மிகுதி.

ஜூன் 12, அதிகாலை

மதிப்பிற்குரிய மெக்கானிக் அவர்களுக்கு,

மே பதினெட்டு முதல் அனுப்பப்படாதிருந்த தாள்கள் அனைத்தையும் மாசானம் நேரில் கொண்டுவருகிறார். தங்கையார் கோபிக்கக்கூடும். ஒரு முறை மட்டும் பொறுத்தருளுமாறு அவரிடம் என் சார்பில் மாசானம் கேட்டுக்கொள்வார். அவருடைய பேச்சில் நயம் இராது; நோக்கம் நல்லது.

தாங்கள் சந்தேகித்தது சரி. குழாய் மாற்றப்பட்டுவிட்டது. அந்த வட்டத்தை நான் மறைத்ததற்கு மன்னிப்பைக் கோருகிறேன். நான் படித்த கையேட்டில் அரை வட்டம் இருக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது, பதியாமல் விட்டேன். இப்போது பதிகிறேன். ஏப்ரல் பதினேழாம் தேதி மாலை, தங்கையார் வந்து சேருமுன், நர்ஸ் தங்கள் சட்டையைப் பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்தார். சாவி அதன் பையில் இருந்தது. இன்றோடு ஐம்பத்தாறு நாள்களாக அது என்னிடமே இருக்கிறது. முதலாளி கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. முழுவதும் சொல்லவும் இல்லை.

பூட்டியவர் மட்டுமே திறக்கலாம் என்பது விதி. நான் திறக்காததற்கு அது ஒரு காரணம். மற்றது நினைத்ததைச் சேர்ந்தது. எழுத எனக்கு அனுமதி இல்லை.

என் பூட்டைச் சற்றுமுன் கழற்றிவிட்டேன். தங்களுடையது தொங்குகிறது. உறையில் சாவியை வைத்துள்ளேன். தாங்கள் எழுத வேண்டாம், பேச வேண்டாம். சாவியை மாசானத்தின் கையில் திருப்பிக் கொடுத்தால், திறக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வேன். தாங்களே வைத்துக்கொண்டால், இன்னும் உள்ளே இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு முதலாம் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுவேன். முதலாளிக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. கழற்ற நேர்ந்தால் பூட்டும் தகடும் செருப்பின் பக்கத்தில் அலமாரியில் இருக்கும். எண்ணெய் விடுவது நிற்காது.

மாசானம் பதினொரு மணிப் பேருந்தில் மதுரையிலிருந்து புறப்பட்டாக வேண்டும். விரைவில் பதில் தரவும்.

ம. பிரகாசி